மாயாவியைத் தெரியும், வரைந்தவரைத் தெரியுமா?

2024 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜப்பானிய சித்திரக்கதை ஓவியர் அகிரா தொரியாமா காலமான செய்தி வெளிவந்தபோது, உலகின் பெரிய பத்திரிகைகள் அதனை ஓர் அரசியல் தலைவரின் மறைவுக்குரிய கவனத்தோடு வெளியிட்டன. பிரான்ஸ் ஜனாதிபதி இரங்கல் தெரிவித்தார். சீன வெளிநாட்டமைச்சின் பேச்சாளரும் இரங்கல் தெரிவித்தார். இங்கே உரும்பிராயில், எங்கள் ஒழுங்கையிலேயே, அந்தச் செய்தியைக் கேட்டு முகம் வாடிய பிள்ளைகளை நான் கண்டேன். 'டிராகன் போல்' எனும் அவரது சித்திரக்கதை 1984 இல் தொடங்கி 1995 இல் நிறைவுபெற்றது. அது முடிந்து பல ஆண்டுகளின் பின்னர் பிறந்தவர்கள் இப்பிள்ளைகள். ஆயினும் கதாநாயகனின் பெயரைப் போலவே, அவனை வரைந்த கையின் பெயரும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதே கேள்வியை எமது தலைமுறையிடம் கேட்டுப் பாருங்கள். ஐம்பது வயதைக் கடந்த யாழ்ப்பாணத்தவரிடம் இரும்புக்கை மாயாவியைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் மலரும். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும், உருக்குக் கை மாத்திரம் அந்தரத்தில் மிதக்கும் என்று விளக்கம் தருவார். லூயிஸ் கிராண்டேல் என்ற அவனது இயற்பெயரையும் சிலர் சொல்வர். அந்த மாயாவியை வரைந்தவர் யார் என்று அடுத்துக் கேளுங்கள். பெரும்பாலும் மௌனமே பதிலாக வரும்.

அந்த மௌனத்தைப் பற்றியதே இக்கட்டுரை. ஓவியரின் பெயரை அறியாமல் விட்டது மரியாதைக் குறைவு என்ற அளவோடு முடிந்துவிடவில்லை. ஒரு கலைவடிவத்தை நாம் சிறுவயதோடு மூட்டைகட்டி வைத்ததற்கும், எமது வாழ்க்கையை எமது கைகளே வரையாமல் போனதற்கும் அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

அவரது பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919 இல் ஸ்பெயின் நாட்டின் பார்சலோனாவில் பிறந்தவர். 'கூட்டோ' எனும் துணிச்சல்காரச் சிறுவனைப் பதினாறு வயதை எட்டுமுன்னரே, 1935 இல், படைத்தவர். மறுவருடம் ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. இளைஞர் பிளாஸ்கோ குடியரசுத் தரப்புப் படையில் சேவை செய்தார். அத்தரப்பு 1939 இல் தோற்றது. தோற்ற தரப்பில் நின்ற இளைஞனுக்கு அந்நாட்டிலே எஞ்சியிருக்கும் வாழ்வு எத்தகையது என்பதை எம்மவர்க்கு விளக்கவேண்டியதில்லை. அவர் மீண்டும் தூரிகையை எடுத்தார். கூட்டோவைத் தொடர்ந்து வரைந்தார். சிறுமியர்க்காக 'அனித்தா'வைப் படைத்தார். சகோதரர்களான அலெக்ஸாந்திரோ, அத்ரியானோ, சகோதரி பிலி ஆகியோரும் ஓவியர்களே. குடும்பமே ஒரு பட்டறையாக இயங்கியது.

ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்து ஸ்பானிய ஓவியர் பலர் முகவர்கள் வழியாக லண்டன் சிறுவர் இதழ்களுக்கு வரையத் தொடங்கினர். உள்ளூர்க் கூலியிலும் பவுணில் வந்த கூலி மேலாயிருந்தது. அவ்வாறு போனவர்களுள் பிளாஸ்கோவும் ஒருவர். 1962 ஒக்ரோபரில் 'வேலியன்ற்' எனும் வார இதழ் லண்டனில் ஆரம்பமானபோது, விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் கென்னத் பல்மர் எழுதிய 'உருக்கு நகம்' எனப் பொருள்படும் தொடரை வரையும் பொறுப்பு இவருக்குக் கிடைத்தது. பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருப்பவன் கிராண்டேல். முன்னொரு விபத்தில் வலக்கையை இழந்து உருக்குக் கை பொருத்தப்பட்டவன். ஆய்வுகூடத்திலே நிகழும் வெடிவிபத்தில் அவனது உடல் மின்சாரத்தால் மறையும் இயல்பைப் பெறுகிறது. தொடக்கத்தில் அவன் தீயவனாகவே திரிகிறான். நாயகனாகி, இரகசிய நிழற்படையில் சேர்வதெல்லாம் பின்னர் நடப்பவை.

பத்து வருடங்களின் பின், 1972 இல், சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. மூலத்தின் பெயரிலும் தமிழ்ப்பெயர் அழகாக அமைந்துவிட்டது. தொடக்க காலத்தில் ஆசிரியப் பொறுப்பில் இருந்த முல்லை தங்கராசனுக்கும் தமிழ்ச் சிறுவர் உலகம் கடன்பட்டிருக்கிறது.

எழுபதுகளின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு இங்கு கட்டுப்பாடு இருந்தது. 1977 இன் பின்னர் கதவு திறந்தது. நான் வாசிக்கத் தொடங்கியது அக்காலத்திலேதான். உரும்பிராயில் ஒரு பிரதி ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டால், மறுமுனைக்குப் போய்த் திரும்பும்போது அட்டை இராது. கடைசிப் பக்கமும் சிலவேளை இராது. முடிவை ஊகித்துக்கொள்ளவேண்டியதுதான்.

அந்தப் பக்கங்களை அண்மையில் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். சிறுவயதில் கதையின் வேகத்திலே கண்ணுக்குப் படாத ஒன்று இப்போது புலப்பட்டது. பிளாஸ்கோவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை சாதாரணமானதன்று. கதாநாயகன் கண்ணுக்குத் தெரியாதவன். கோபம், பயம், களைப்பு யாவற்றையும் காட்டுவதற்கு ஓவியனுக்கு முகம் வேண்டும். இங்கே முகம் இல்லை. உடலும் உடையும் இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே ஓர் உருக்குக் கை மாத்திரம் உண்டு. அந்தக் கையையே அவர் நடிக்கவைத்தார். விரல்கள் விரிந்திருந்தால் தயக்கம். மூடியிருந்தால் சினம். சுவிட்சை நோக்கி நீளும்போது ஓர் அவதி. மின்கம்பியைத் தொடுமுன் ஒரு கணம் நடுங்குவதுபோல் நிற்கும். எஞ்சியவற்றை மற்றவர்களின் முகங்கள் சொல்லும். காவலாளியின் கண்கள் பிதுங்கியிருப்பதைக் கொண்டே மாயாவி எங்கே நிற்கிறான் என்பதை நாம் அறிவோம்.

கருமையையும் வெண்மையையும் அவர் கையாண்ட விதமும் தனித்துவமானது. வர்ணம் இல்லாத மலிவுக் கடதாசியில் அச்சாகப்போகும் படம் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே கரிய நிழல்களைத் துணிந்து பரப்பினார். மழையில் நனைந்த லண்டன் தெருவும் இரவுநேரத் துறைமுகமும் ஒரு நிழற்படக்காரன் எடுத்தவை போல நிற்கின்றன. அச்சு மங்கிய சிவகாசிப் பிரதியிலும் அந்த நிழல் அழியவில்லை. கதையிலே நம்பமுடியாத சம்பவம் ஒன்று நிகழும்போது, சுற்றியுள்ள கதிரை, மேசை, மாடிப்படி யாவும் உள்ளபடியே இருப்பதால் அச்சம்பவத்தையும் நம்பிவிடுகிறோம். விஞ்ஞானப் புனைகதையை வரைவதன் இரகசியம் அது.

இத்தகைய ஒருவரின் பெயர் ஏன் எமக்குத் தெரியவில்லை? சிவகாசியைக் குறைகூறுவது நியாயமன்று. லண்டனிலேயே அப்பெயர் அச்சிடப்படவில்லை. அக்கால ஆங்கிலச் சிறுவர் இதழ்களில் பெரும்பாலும் எழுதியவர், வரைந்தவர் பெயர் இராது. உரிமை யாவும் பதிப்பகத்துக்கே. ஓவியன் பக்கக்கணக்கில் கூலி பெறும் தொழிலாளி. பெயர் வெளியே தெரிந்தால் வாசகன் அவனைத் தேடுவான். வாசகன் தேடினால் அவன் கூலி கூட்டிக் கேட்பான். 1977 இல் தொடங்கிய '2000 ஏடி' எனும் விஞ்ஞானப் புனைகதை இதழ்தான் படைப்பாளிகளின் பெயர்களை ஒழுங்காக அச்சிட்டு அந்த வழமையை உடைத்தது.

பெயரின்மை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எமது இன்னொரு நாயகனான ஸ்பைடர் நல்ல உதாரணம். ரெக் பன் எனும் ஆங்கிலேயர் அதனை வரைந்தார். ஒரு கட்டத்திலிருந்து கதை எழுதியவர் அமெரிக்கரான ஜெரி சீகல். சூப்பர்மானைப் படைத்த இருவருள் ஒருவர் அவர். 1938 இல் 130 டொலருக்கு அதன் உரிமையை விற்றுவிட்டு, பின்னர் வழக்காடித் தோற்றவர்கள் அவ்விருவரும். 1975 இல் பொதுமக்களின் கண்டனத்தின் பின்னரே அவர்களுக்கு ஓய்வூதியமும் பெயர்க் குறிப்பும் கிடைத்தன. ஸ்பைடரை ஆவலோடு படித்த எம்மவர் எத்தனை பேர் சூப்பர்மானின் தந்தையையே படிக்கிறோம் என்று அறிந்திருந்தனர்?

இனி ஜப்பானைப் பார்ப்போம். அங்கு நடந்தது வேறு. ஒசாமு தெசூக்கா 1928 இல் பிறந்தவர். 1945 இல், மாணவனாகத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தபோது, ஒசாக்கா நகர்மீது குண்டுமழை பொழிந்ததையும் மனிதர் எரிந்ததையும் கண்ணாற் கண்டவர். மருத்துவம் படித்துப் பட்டமும் பெற்றார். ஆயினும் தொழிலாகக் கொண்டது சித்திரக்கதையை. 1947 இல் வெளிவந்த 'புதிய புதையல் தீவு' வறுமையில் உழன்ற நாட்டிலே இலட்சக்கணக்கில் விற்பனையானது. தொடர்ந்து 'தொலைந்த உலகம்', 'மெற்றோபொலிஸ்', 'வரப்போகும் உலகம்' என மூன்று விஞ்ஞானப் புனைகதைகள் வந்தன. 1952 இல் 'அட்டம்' எனும் இயந்திரச் சிறுவன் பிறந்தான். மகனை விபத்திலே பறிகொடுத்த விஞ்ஞானி ஒருவர், மகனின் சாயலில் ஓர் இயந்திரத்தைச் செய்கிறார். அது வளரவில்லை என்று கண்டதும் வெறுத்து விற்றுவிடுகிறார். பிள்ளைகளுக்கான கதைதான். ஆயினும் போரிலே பிள்ளைகளை இழந்த ஒரு நாட்டின் பெற்றோர் அதனை எவ்வாறு வாசித்திருப்பர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

தெசூக்காவின் பெயர் முதற்பக்கத்தில் இருந்தது. அதனால் என்ன விளைந்தது? அட்டத்தைப் படித்த பிள்ளை வளர்ந்தபின்னரும் அப்பெயரைத் தேடிச் சென்றது. அப்பெயரின் கீழே இளைஞனுக்கு 'பிளாக் ஜாக்' எனும் சத்திரசிகிச்சை நிபுணரின் கதை கிடைத்தது. நடுவயதினருக்குப் புத்தபிரானின் வரலாறு 1972 முதல் 1983 வரை சித்திரக்கதையாகக் கிடைத்தது. எல்லா வயதினருக்கும் 'தீப்பறவை' கிடைத்தது. பழங்காலத்திலிருந்தும் எதிர்காலத்திலிருந்தும் மாறிமாறி நடக்கும் அந்தக் காவியத்தை முடிக்காமலே 1989 இல் அவர் காலமானார். வாசகனோடு சேர்ந்து ஓவியரும் வளர்ந்தார். அடுத்த தலைமுறை ஓவியர்களுக்குத் தாம் யாருடைய வழியில் வருகிறோம் என்பது தெரிந்திருந்தது. இன்று தக்காராசூக்காவில் அவரது பெயரில் ஓர் அருங்காட்சியகம் 1994 முதல் இயங்குகிறது. அசாஹி ஷிம்புன் என்ற நாளிதழ் அவரது பெயரால் 1997 முதல் சிறந்த சித்திரக்கதைக்கு ஆண்டுதோறும் விருது வழங்குகிறது. ஒரு நாளிதழ் வழங்குகிறது என்பதை எனது தொழில்சார் நண்பர்கள் கவனிக்கவேண்டும்.

ஜப்பானில் எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. 1963 இல் அட்டத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசென்றபோது தெசூக்கா தமது தொடரை அடக்கவிலைக்கும் குறைவாக விற்றார். அது அத்துறையின் தொழிலாளர் கூலியை நெடுங்காலம் கீழே அழுத்தியது என்ற குற்றச்சாட்டு இன்றும் உண்டு. அவரது நிறுவனமே 1973 இல் வங்குரோத்தானது. பெயர் மாத்திரம் சோறு போடாது. ஆனால் பெயர் இல்லாதவனுக்குச் சோறு கேட்கும் உரிமையும் இல்லாமற் போகும்.

எமக்கு நேர்ந்தது இதற்கு மறுதலையானது. மாயாவியைப் படித்த பிள்ளைக்குத் தேடிச்செல்ல ஒரு பெயர் இருக்கவில்லை. ஆகவே பதினைந்து வயதோடு 'இது சின்னப் பிள்ளைகளின் சாமான்' என்று தூக்கிப்போட்டான். பிளாஸ்கோவின் பிந்திய படைப்புகளை அறியும் வாய்ப்பு அவனுக்கு வரவில்லை. தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான டெக்ஸ் வில்லரையும் தமது இறுதிக் காலத்தில் அவர் வரைந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போனது. துவிச்சக்கரவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. மாயாவி இங்கு வந்திருந்தால் மறைய வழியின்றித் தவித்திருப்பான் என்று நாங்கள் பகிடி விட்டதுண்டு. பிளாஸ்கோ 1995 ஒக்ரோபரில் காலமானார். அதே மாதம் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. அவரது மரணச் செய்தி அன்று எம்மை எட்டியிருக்க நியாயமில்லை. ஆனால் அதன் பின்னர் முப்பது வருடங்கள் போய்விட்டன.

தமிழரிடம் ஓவியனை மதிக்கும் பண்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனந்த விகடன் வாசகர்கள் கோபுலுவின் கோட்டைத் தூரத்திலிருந்தே இனங்கண்டனர். எமது மண்ணிலோ 'சிரித்திரன்' சுந்தர் இருந்தார். கரவெட்டியில் 1924 இல் பிறந்த சிவஞானசுந்தரம், கட்டடக்கலை படிக்கவென்று பம்பாய்க்குப் போய்க் கேலிச்சித்திரக்காரராகத் திரும்பியவர். 'தினகர'னில் சவாரித் தம்பரையும் சின்னக்குட்டியையும் உலாவவிட்டவர். பின்பு தாமே ஒரு சஞ்சிகையைத் தொடங்கி, அறுபதுகளில் கொழும்பிலிருந்தும் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்தும் பெரும் இடர்களுக்கு மத்தியில் நடத்தினார். 'செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம்' என்பது அவரது மகுடவாசகம். அவர் வரைந்தது விஞ்ஞானப் புனைகதை அன்று. ஆயினும் வரைபவன் தனது பெயரோடும் தனது ஊரின் முகங்களோடும் நிமிர்ந்து நிற்கலாம் என்று எமக்குக் காட்டியவர் அவரே. 1996 இல் அவர் மறைந்தார். அவரது இதழ்கள் பலவற்றை நூலகம் இணையத்தளம் மின்வடிவில் காத்து வைத்திருக்கிறது. அந்தப் பணி இல்லாவிடின் இன்றைய பிள்ளைக்குச் சவாரித் தம்பரை எங்கே காட்டுவது?

சுந்தரின் பின்னர் அவ்வழி அகலவில்லை. அதன் விளைவை 2019 இல் கண்டோம். வன்னிப் போரின் இறுதிக் கட்டத்தை ஒரு குடும்பத்தின் கதையாகச் சொல்லும் 'வன்னி' எனும் சித்திர நாவல் அவ்வாண்டு வெளிவந்தது. எழுதியவர் வன்னியிலே ஐக்கிய நாடுகள் பணியாளராக இருந்த பெஞ்சமின் டிக்ஸ். வரைந்தவர் லின்ட்சே பொலொக். இருவரும் ஆங்கிலேயர். நேர்மையோடும் உழைப்போடும் செய்யப்பட்ட நூல் அது. அவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். ஆயினும் பதுங்குகுழியிலே கிடந்தவர்கள், அந்தக் குழியின் ஈரமண் வாசனையை அறிந்தவர்கள் நாம். ஒசாக்காவின் நெருப்பைத் தெசூக்கா தாமே வரைந்தார். ஹிரோஷிமாவில் ஆறு வயதிலே குண்டுக்குத் தப்பிய கெய்ஜி நக்கஸாவா அதனைத் தாமே வரைந்தார். எமது நெருப்பை வரைய ஒருவர் லண்டனிலிருந்து வரவேண்டியிருந்தது.

எமது பிள்ளைகளுக்கு வரையும் ஆற்றல் இல்லையென்று எவரும் சொல்லமுடியாது. பாடசாலைக் கொப்பிகளின் பின்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ஜப்பானியப் பாணியில் பெரிய கண்களும் முள்முடியும் கொண்ட உருவங்கள் நிறைந்து கிடக்கும். ஆசிரியர் அதைக் கண்டால் கொப்பியைப் பறிப்பார். பெற்றோர் கண்டால் 'இதாலை சோறு வருமோ' என்பர். அக்கேள்விக்கு ஜப்பானிலே விடை உண்டு. இங்கே விடை இல்லாமல் இருப்பதற்கு எமது ஏடுகளும் பொறுப்பாளிகள். வாரமலரிலே சிறுகதை வந்தால் எழுதியவரின் பெயர் கொட்டை எழுத்தில் வரும். அதற்குப் படம் வரைந்தவரின் பெயரோ, பக்கம் போதாவிடின் முதலில் வெட்டுப்படும். இப்போது கூலியும் மிச்சம் என்று கணினி உருவாக்கும் படங்களை இட்டு நிரப்பும் வழக்கமும் வந்துவிட்டது. அந்தப் படத்துக்குப் பெயரே தேவையில்லை என்பது ஆசிரியபீடத்துக்கு வசதியாகவும் இருக்கிறது.

பெரிய திட்டங்கள் எதனையும் நான் முன்வைக்கவில்லை. செய்யக்கூடியவை மூன்று உண்டு. முதலாவது, ஏட்டில் வரும் ஒவ்வொரு சித்திரத்தின் கீழும் வரைந்தவரின் பெயர் இருக்கவேண்டும். அதற்கு ஒரு வரி இடம் போதும். இரண்டாவது, சுந்தரின் சித்திரங்களைத் தெரிந்தெடுத்து, பாடசாலை நூலகங்கள் வாங்கக்கூடிய விலையில் ஒரு தொகுப்பாக வெளியிடவேண்டும். மூன்றாவது, யாழ்ப்பாணத்து நாளிதழ்களுள் ஒன்றாவது ஆண்டுக்கு ஒருமுறை மாணவர் சித்திரக்கதைக்கு ஒரு பரிசை ஏற்படுத்தவேண்டும். கதை எதிர்காலத்தைப் பற்றியதாக இருக்கட்டும். நூறு வருடங்களின் பின் இந்தச் செம்மண் பூமியில் கிணறுகள் என்னவாகும், கோப்பாய்த் தரவை என்னவாகும் என்று ஒரு பிள்ளை வரைந்து காட்டட்டும்.

அதுவரை வாசகரும் ஒன்று செய்யலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை வாரமலரைக் கையில் எடுக்கும்போது, சிறுகதையோடு வந்த படத்தை வரைந்தவர் யார் என்று தேடிப்பாருங்கள். பெயர் இல்லையெனில் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். வாசகர் கடிதங்களை ஆசிரியபீடங்கள் நீங்கள் நினைப்பதிலும் கூடுதலாகவே கவனிக்கின்றன. இதனை உள்ளே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.